போடிமெட்டு வழியா மூணாறு: பூப்பாறையில எந்தப் பக்கம்?

தேனியிலிருந்து கார்ல மூணாறு போறோம், முதல் தடவை. மேப்ல பூப்பாறைன்னு ஒரு ஊர்ல ரோடு பிரியுது, அங்க எந்தப் பக்கம்? மலை ரோடு எப்படி இருக்கும்?

பதில் 1: எல்லாமே 85-ஆம் நம்பர் தேசிய நெடுஞ்சாலைதான் பாஸ், கொச்சி–தொண்டி ரூட். போடி தாண்டி முந்தல்ல மலை ஆரம்பிக்குது, 17 கொண்டை ஊசி வளைவு, மேல போடிமெட்டு செக்போஸ்ட் தாண்டினா கேரளா. அங்கிருந்து ஏலக்காய் தோட்டம் நடுவுல இறங்கினா பூப்பாறை. வலது பக்கம் திரும்புங்க, ஆனையிறங்கல் அணை, பெரியகானல், தேவிகுளம், மூணாறு. இடது பக்கம் போனா சாந்தம்பாறை, நெடுங்கண்டம், குமுளின்னு போயிரும். நான் ஒருதடவை பேச்சு சுவாரஸ்யத்துல அப்படித்தான் போயி சாந்தம்பாறையில டீ குடிச்சிட்டு திரும்பி வந்தேன் 😂

பதில் 2: ஏறும்போது செகண்ட் கியர் போதும், இறங்கும்போதும் அதே கியர்தான், பிரேக்க மட்டும் நம்பி இறங்காதீங்க. வளைவுல ஏறி வர்ற வண்டிக்கு வழி விடுங்க. மழைக்காலம்னா தேவிகுளத்துக்கு முன்னாடி கேப் ரோட்ல மண்சரிவு வரும், கிளம்புறதுக்கு முன்னாடி விசாரிச்சிருங்க.

கேட்டவர்: நன்றிண்ணே, அப்ப பூப்பாறையில வலது. டீ மூணாறுலயே குடிச்சிக்கிறோம்.