முதல் அஜிலிட்டி ரன், நாலாவது தடையிலேயே அவுட். உங்க கதையும் சொல்லுங்க

என் நாய் மணிக்கு இப்ப ரெண்டரை வயசு, லேப் மிக்ஸ். அஜிலிட்டின்னா, வரிசையா வெச்ச தடைகளை நாய் தாண்ட, நாம கூடவே ஓடி வழி காட்டுற போட்டி. ஒன்றரை வருஷமா ட்ரெயினிங் பண்ணிட்டு போன மாசம்தான் முதல் போட்டிக்குப் போனோம். எத்தனை செகண்ட் உள்ள இருந்தோம்னு மட்டும் கேக்காதீங்க.

மொதல் மூணு ஜம்ப்பும் சூப்பரா தாண்டிட்டான், நாலாவது ஜம்ப்புக்கு வலது பக்கம் திரும்பணும், ஆனா நேரா எதிர்ல டனலோட வாய் தெரியுது, அப்பவே பாத்து மூணாவது ஜம்ப்ல கம்பி விழுந்துச்சான்னு நான் நின்னு திரும்பிப் பாத்தேன். அவ்ளோதான். வாய் "ஜம்ப் ஜம்ப்"னு கத்துது, தோளும் காலும் டனலைப் பாத்து நிக்குது. மணி ஒரு செகண்ட் கூட யோசிக்கல, டனலுக்குள்ள பூந்துட்டான். வரிசை மாறி ஒரு தடையை எடுத்தா எலிமினேஷன், ஜட்ஜ் கையைக் காட்டிட்டார். அவனோ அந்தப் பக்கம் வெளிய வந்து வாலை ஆட்டிக்கிட்டு "எப்படி?"ன்னு பாக்குறான், ஏதோ கோப்பை ஜெயிச்ச மாதிரி.

கூட வந்தவங்க எடுத்த வீடியோவை ராத்திரி பாத்தப்பதான் உறைச்சுது. அவன் தப்பே பண்ணல, என் கால் எங்க போகச் சொல்லுச்சோ அங்க போயிருக்கான். நாய்க்கு நம்ம வார்த்தை ரெண்டாவதுதான், உடம்பு எந்தப் பக்கம் போகுதோ அதைத்தான் மொதல்ல நம்பும். இதை ட்ரெயினர் நூறு தடவை சொல்லியிருக்காங்க, ஒரு காதுல வாங்கி இன்னொரு காதுல விட்டிருக்கேன்.

கோர்ஸ் வாக்குன்னு ஒண்ணு இருக்குல்ல, ரன்னுக்கு முன்னாடி நாய் இல்லாம நாம மட்டும் தடைகளைச் சுத்தி நடந்து பாக்குறது. புதுசா பாக்குறவங்களுக்கு பேய் ஓட்டுற மாதிரி இருக்கும், ஆளாளுக்கு கையை நீட்டி இல்லாத நாயைக் கூப்பிட்டுக்கிட்டு, நடுவுல சடார்னு திரும்பிக்கிட்டு. நான் நம்பரை மட்டும் மனப்பாடம் பண்ணேன், ஒண்ணு ரெண்டு மூணுன்னு ஸ்கூல் பையன் மாதிரி. எந்த இடத்துல நான் நிக்கணும், எங்க ஃப்ரண்ட் கிராஸ் (நாய்க்கு முன்னாடி குறுக்கே போய் பக்கம் மாறுறது) போடணும்னு நடந்து பாக்கவே இல்ல.

அன்னைக்கே இன்னொரு ரன் இருந்துச்சு. அதுல ஏ-ஃபிரேம்ல, அதாவது கூரை மாதிரி ரெண்டு பக்கமும் சாய்ஞ்ச பலகையில, பறந்துட்டான். இறங்குற பக்கம் கீழ வேற கலர் அடிச்சிருக்கும், அந்தப் பகுதியில ஒரு பாதமாவது படணும், படலேன்னா 5 ஃபால்ட் (தண்டனைப் புள்ளி). ப்ராக்டிஸ்ல பின்னங்கால் ரெண்டும் பலகையில, முன்னங்கால் ரெண்டும் தரையில வெச்சு சிலை மாதிரி நிப்பான். ஆனா அங்க என் கையில ட்ரீட் இல்ல, ரிங்குக்குள்ள கொண்டு போகக் கூடாது, அது அவனுக்குத் தெரிஞ்சுபோச்சு. வீவ் போல்ஸ்ல (வரிசையா நட்ட கம்பிகளுக்கு நடுவுல வளைஞ்சு வளைஞ்சு போறது) ஒரு ரெஃப்யூசல் (தடையை எடுக்காம விடுறது), அது ஒரு 5. ஆனா ரன்னை முடிச்சிட்டோம்! எனக்குக் கண்ணுல தண்ணியே வந்துருச்சு, 10 ஃபால்ட்டுக்கு இவ்ளோ சந்தோஷப்பட்டவன் நானாத்தான் இருப்பேன்.

சீசா, அதான் ஏறி இறங்குற ஆட்டப் பலகை, அதோட கதை தனி. ஆரம்பத்துல பலகை தடால்னு தரையில அடிச்ச சத்தத்துல பயந்தவன் ஒரு மாசம் அது பக்கமே வரல. நான் வேற லீஷைப் பிடிச்சு இழுத்து ஏத்தப் பாத்தேன், அது சுத்தத் தப்பு. அப்புறம் ஒரு பக்கத்துக்குக் கீழ தடிமனான மெத்தையை வெச்சு, பலகை கொஞ்சமே ஆடற மாதிரி பண்ணி, அவனே முன்னங்காலால தட்டி சத்தம் போட்டா ட்ரீட்னு விளையாட்டா மாத்தினோம். மெத்தையைக் கொஞ்சம் கொஞ்சமா மெலிசாக்கிட்டே வந்தோம், சத்தம் அவன் போடுறது ஆயிட்டதால பயம் போயிருச்சு. இப்ப வம்புக்குன்னே போய் தட்டுறான்.

உங்களுக்கு என்ன ஆச்சு?

———

அண்ணா, டனல் பாவம் நானும் பண்ணிருக்கேன் 😄 டனலை காந்தம்னே சொல்லலாம், பக்கத்துல போனா உறிஞ்சிக்கும்.

என் தப்பு வேற. ஜிம்மி ஏழு மாசக் குட்டியா இருந்தப்பவே ஆர்வக் கோளாறுல ஜம்ப் கம்பியை உயரமா வெச்சுத் தாண்ட வெச்சேன். டாக்டர் கிட்ட செம திட்டு. எலும்போட நுனியில வளர்ற பகுதி மூடுற வரைக்கும் திரும்பத் திரும்ப உயரத்துல இருந்து குதிச்சா அங்க அடிபடுமாம். அதுவரைக்கும் கம்பியை தரையிலயே வெச்சு ஓடு, டனல் விளையாடு, திரும்பக் கத்துக்குடுன்னாங்க. எஃப்சிஐ (சர்வதேச நாய் கூட்டமைப்பு) போட்டிகள்ல 18 மாசம் ஆனாத்தான் நாயை இறக்க முடியும்னு விதி இருக்கிறதே சும்மா இல்லன்னு அப்பதான் புரிஞ்சுது. அந்த ஒரு வருஷம் வீணாப் போகல, நான் எங்க திரும்பினாலும் கூடவே திரும்பப் பழகிட்டான்.

வீவ் போல்ஸ்க்கு ஒண்ணு சொல்றேன். 12 கம்பி, ஒண்ணுக்கொண்ணு 60 செ.மீ. தள்ளி, மொத கம்பி நாயோட இடது தோள் பக்கம் வர்ற மாதிரி நுழையணும். நாங்க கம்பிகளை ரெண்டு வரிசையா பிரிச்சு நடுவுல சந்து மாதிரி விட்டு நேரா ஓட விட்டோம், வாரா வாரம் சந்தைக் குறுக்கிட்டே வந்தோம். அவசரப்பட்டு குறுக்கினா நடுவுலயே வெளிய வந்துரும், ரெண்டு அடி பின்னாடி போயி திரும்ப ஆரம்பிக்கணும்.

———

என் பொண்ணு (நாலு கால்) முதல் போட்டியில ரிங்கைச் சுத்தி ராக்கெட் மாதிரி ஓடினா, எல்லாரும் சிரிச்சாங்க, நானும் சிரிச்சேன், "ஜாலியா இருக்கா"ன்னு நினைச்சேன். கடைசியில டனல் ஓரத்துல உக்காந்து சுச்சூ போயிட்டா, எலிமினேட்.

ஜாலி இல்லக்கா அது, டென்ஷன்னு ட்ரெயினர் அப்புறமா சொன்னாங்க. ஓடுறதுக்கு முன்னாடியே தரையை மோந்துக்கிட்டே இருந்தா, கொட்டாவி விட்டா, சம்பந்தமே இல்லாம உடம்பைச் சொறிஞ்சா, ஒண்ணையும் நான் கவனிக்கல, பேரு எப்ப கூப்பிடுவாங்கன்னு என் படபடப்புலயே இருந்தேன். அடுத்த ரெண்டு போட்டிக்கும் பேரே குடுக்காம சும்மா கூட்டிட்டுப் போனேன். தூரமா ஓரமா உக்காந்து ட்ரீட் தின்னுட்டு, மைக் சத்தமும் மத்த நாய் குரைக்கிறதும் பழகிட்டு வீட்டுக்கு வந்துருவோம். பாத்தவங்களுக்கு வேலையத்த வேலையாத் தெரிஞ்சிருக்கும். மூணாவதுல இறக்கினேன், அஞ்சு ஜம்ப் ஒழுங்கா போச்சு, ஆறாவதுல நான் தடுக்கி விழுந்தேன். அவ வந்து மூஞ்சியை நக்கினா.

———

அந்தக் கடைசி வரி படிச்சு சிரிச்சுட்டேன் அக்கா. நாம விழுறதும் இதுல சேர்த்திதான். 1978ல லண்டன்ல க்ரஃப்ட்ஸ் நாய் ஷோவுல, இடையில கிடந்த நேரத்தை நிரப்ப குதிரை ஜம்பிங்கைப் பாத்துத்தான் இதை முதல்ல நடத்திக் காட்டுனாங்களாம். குதிரைல ஆளு மேல உக்காந்துக்கலாம், இங்க நாம கூட ஓடணும்ல.

சந்து ஐடியாவை நாளைக்கே ட்ரை பண்றேன் தம்பி. கையில ட்ரீட் இல்லாட்டி கான்டாக்ட்ல (கலர் அடிச்ச அந்தப் பகுதியில) நிக்க மாட்டேங்கிற பிரச்சனைக்கு, ட்ரீட் டப்பாவை ரிங்குக்கு வெளிய ஸ்டூல் மேல வெச்சிட்டு, ரன் முடிஞ்சதும் ரெண்டு பேரும் அங்க ஓடுற மாதிரி பழக்கிட்டு இருக்கேன். பாதிக்குப் பாதி வேலை செய்யுது. மீதிப் பாதி ரன் நடுவுலயே ஸ்டூலுக்கு ஓடிடுறான்.

மத்தபடி தினமும் சாயங்காலம் நாலு பக்கெட்டை கவுத்து வெச்சு ஃப்ரண்ட் கிராஸ் ப்ராக்டிஸ் பண்றது நான் மட்டும்தான். மணி நிழல்ல படுத்துக்கிட்டு ஒரு கண்ணைத் திறந்து பாக்குறான்.