ராஞ்சா ராஞ்சா என்று உருகுவது காதலா, அடிமைத்தனமா?

பழையரேடியோ:
நேற்று ராத்திரி முழுக்கப் பஞ்சாபிப் பாட்டுதான். சூஃபிக் கவி புல்லே ஷாவின் ஒரு வரியில் அப்படியே நின்றுவிட்டேன். ‘ராஞ்சா ராஞ்சா என்று சொல்லிச் சொல்லி நானே ராஞ்சா ஆகிவிட்டேன், இனி யாரும் என்னை ஹீர் என்று கூப்பிடாதீர்கள்’ என்கிறாள் ராஞ்சாவின் காதலி ஹீர். காதலை இதற்கு மேல் எப்படிச் சொல்வது?

மிளகுவத்தல்:
எனக்கு அந்த வரிதான் உறுத்துகிறது. பேரைக்கூட விட்டுவிடுகிறாளே! பஞ்சாபிக் காதல் கதைகளைப் பாருங்கள்: சோஹ்னி ஆற்றோடு போகிறாள், சஸ்ஸி பாலைவனத்தில் சாகிறாள், ஹீருக்கு வீட்டார் விஷம் வைக்கிறார்கள். இந்த மாதிரிக் கதைகளை எழுதிய வாரிஸ் ஷா, ஹாஷிம் ஷா, பீலு எல்லாரும் ஆண்கள். பெண் கரைந்து போவதை ஆண் உட்கார்ந்து ரசித்திருக்கிறான், அவ்வளவுதான்.

படிக்கட்டுப்பயணி:
அவசரப்படாதீர்கள். ராஞ்சா தக்த் ஹஸாரா என்ற ஊரில் வேலை வெட்டி தெரியாத கடைக்குட்டி. ஹீருக்காக அவள் அப்பாவின் எருமைகளை 12 வருஷம் மேய்க்கிறான். அவளை வேறொருவனுக்குக் கட்டிக்கொடுத்ததும் ஜோகிகள் என்ற துறவிகளின் குன்றுக்குப் போய், காதைத் துளைத்து வளையம் மாட்டி, சாம்பல் பூசிக்கொண்டு அவள் புகுந்த ஊரில் பிச்சைக்கு நிற்கிறான். கரைந்து போனது யார்?

அப்புறம், மஹிவால் என்றாலே எருமை மேய்ப்பவன்தான். சோஹ்னியின் மஹிவால் புகாராவிலிருந்து வந்த பணக்கார வியாபாரி. குயவர் மகளுக்காக மாடு மேய்த்ததில் அந்தப் பேரே நிலைத்துவிட்டது. நம் ஊரில் எருமை என்றால் திட்டு. அங்கே அதை மேய்ப்பவனை மாஹி என்று இழுத்துப் பாடினால் காதலன்!

பழையரேடியோ:
இன்னொன்று. புல்லே ஷா அந்த வரியைத் தன் குரு ஷா இனாயத்தை நினைத்துத்தான் பாடினார் என்பார்கள். சிஷ்யர் நபி வழி வந்ததாகச் சொல்லும் சையத் குடும்பம், குருவோ தோட்டப் பயிர் செய்யும் அராயின் சாதி. சொந்தக்காரர்கள் முகம் சுளித்தார்கள். ஆக, அங்கே ஹீராக நிற்பவர் ஓர் ஆண்.

மிளகுவத்தல்:
அதைத்தான் நானும் சொல்கிறேன். சரணடைய நினைத்ததும் ஆணுக்குப் பெண் குரல் தேவைப்படுகிறதே, ஏன்? சரணாகதி பெண்ணின் வேலை என்று முதலிலேயே முடிவு செய்துவிட்டார்கள்.

படிக்கட்டுப்பயணி:
இது நல்ல கேள்வி. ஆனால் 1766-இல் வாரிஸ் ஷா எழுதிய ஹீர் வாயில்லாப் பூச்சி இல்லை. நிக்காஹ் செய்ய வந்த காஜியிடம், எனக்கும் ராஞ்சாவுக்கும் எப்போதோ ஆகிவிட்டது என்று சட்டம் பேசுகிறாள். அப்படிப் பேசியவளைத்தான் பல்லக்கில் ஏற்றுகிறார்கள். அவள் கதறும் அந்த இடத்தை இந்துஸ்தானி பைரவி ராகத்தில் பாடிக் கேளுங்கள், பணிவா கேட்கிறது?

புலவர் எழுதாத பாட்டுகளும் இருக்கின்றன. மாஹியா என்ற நாட்டுப்பாட்டு மூன்றே வரி. முதல் வரி பெரும்பாலும் எதுகைக்காகச் சும்மா வந்து நிற்கும், விஷயம் கடைசி வரியில்தான். சோஹ்னிக்கும் பானைக்கும் நடக்கும் பேச்சாக ஒரு நாட்டுப்பாட்டு உண்டு. சோஹ்னி ஆற்றில் மிதக்கப் பிடித்துக்கொள்ளும் சுட்ட பானையை நாத்தனார் எடுத்துவிட்டுப் பச்சை மண் பானையை வைத்துவிட்டாள். செனாப் ஆற்றின் நடுவில், ராத்திரியில், என்னை அக்கரை சேர்த்துவிடு என்கிறாள் சோஹ்னி. நான் சுடாத மண், கரைந்துவிடுவேன் என்கிறது பானை. நீந்துவது அவள். மஹிவால் அக்கரையில் காத்திருக்கிறான்.

மிளகுவத்தல்:
அந்தப் பானைப் பாட்டுக்கு நான் தலை வணங்குகிறேன். ஆனால் மிர்ஸாவோடு ஓடிப்போன சாஹிபானை மட்டும் ஏன் ஒருவரும் தொடவில்லை? மிர்ஸா ஜண்ட் மரத்தடியில் தூங்குகிறான். துரத்தி வரும் அண்ணன்மார் அவன் கையால் சாகக் கூடாது என்று இவள் அம்புகளை உடைத்துப் போடுகிறாள். அவர்கள் வந்து அவனைக் கொன்றுவிடுகிறார்கள். பீலுவின் பாட்டிலோ, பெண்களுக்குப் புத்தி குதிகாலில் என்று மிர்ஸா கிளம்பும்போதே அவன் அப்பா எச்சரிக்கிறார். காதலனுக்காகச் செத்தால் தேவி, அண்ணனையும் நினைத்தால் துரோகி. பக்திக்கு இப்படியா பரீட்சை வைப்பது?

படிக்கட்டுப்பயணி:
இதற்கு என்னிடம் பதில் இல்லை. பீலுவை நான் காப்பாற்றப் போவதும் இல்லை.

பழையரேடியோ:
எனக்குத் தலை சுற்றுகிறது. யாரும் சாகாத ஒரு கதைகூடவா இல்லை?

படிக்கட்டுப்பயணி:
இருக்கிறது சார். வாரிஸ் ஷாவுக்கு முன்பே தாமோதர் எழுதிய ஹீரில் இருவரும் உயிரோடு சேர்ந்துவிடுகிறார்கள். ஆனால் ஜனம் பாடுவது வாரிஸ் ஷாவைத்தான்.