புதுப்பிப்பு: எவோ 10 எஸ்எஸ்டி, பேடில், ரிம், ரேடியோ

எவோ 10 எஸ்எஸ்டி (இரட்டைக் கிளட்ச் தானியங்கி கியர் உள்ள மிட்சுபிஷி லான்சர் எவல்யூஷன் கார்) பற்றிய முந்தைய பதிவில் ஒரு திருத்தம். பேடில், அதாவது ஸ்டீயரிங்குக்குப் பின்னால் கியர் மாற்றும் துடுப்பு, ஸ்டீயரிங்கோடு சுழலும் என்று எழுதியது தவறு. அது ஸ்டீயரிங்கைத் தாங்கும் தூணில் (column) நிலையாக நிற்கும். வளைவில் கை மாறினாலும் வலது கியரை ஏற்றும், இடது இறக்கும். பேடிலை நீளமாக்க மேலே ஒட்டும் நீட்டிப்பு வாங்குவோர் முதலில் சிக்னல் தண்டுக்கு உள்ள இடைவெளியைப் பாருங்கள். இடித்தால் பணம் தண்டம். ஆல்கஹாலில் துடைத்து, ஒட்டி, ஒரு நாள் தொடாமல் விடுங்கள். வெயிலில் நிற்கும் வண்டியில் அவசரமாக ஒட்டியது கையோடு வந்துவிடும்.

ரிம்: விட்டம் 18 அங்குலம், அகலம் 8.5 அங்குலம், ஆஃப்செட் (ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து ஹப்பில் பொருந்தும் முகம் வரை உள்ள தூரம்) 38 மி.மீ., 114.3 மி.மீ. வட்டத்தில் 5 போல்ட். நடுத்துளை 67.1 மி.மீ. கடையில் கிடைப்பவை பெரும்பாலும் 73.1, ஆகவே அந்த இடைவெளியை நிரப்பும் ஹப் ரிங் கட்டாயம். இல்லாவிட்டால் சிங்கப்பூரின் பிஐஇ விரைவுச்சாலையில் வேகம் மணிக்கு 90 கி.மீ.ஐ நெருங்கும்போது ஸ்டீயரிங் நடுங்கும், பழி சக்கர அலைன்மென்ட் மீது விழும். டயர் ஃபெண்டருக்கு வெளியே நீட்டக்கூடாது. டின்ட், முன்பக்கக் கண்ணாடிகளில் 70%, பின்னால் 25% ஒளியாவது ஊடுருவ வேண்டும்.

பலர் கேட்டது, சிங்கப்பூரின் தமிழ் வானொலி ஒலி 96.8 இந்த வண்டியில் எப்படிக் கேட்பது என்று. ஜப்பானிலிருந்து வந்த வண்டியின் ரேடியோ 76லிருந்து 90 மெகாஹெர்ட்ஸ் வரைதான் எடுக்கும். ஆன்டெனா வயருக்கும் ரேடியோவுக்கும் நடுவே அலைவரிசையை 12 மெகாஹெர்ட்ஸ் இறக்கித் தரும் பேண்ட் எக்ஸ்பாண்டர் செருகி, 84.8ல் வையுங்கள்.

வண்டி வாங்கும்முன் சிஓஇ (சிங்கப்பூரில் வண்டி வைத்திருக்கத் தேவையான உரிமைச் சான்றிதழ்) எத்தனை ஆண்டுக்குப் புதுப்பிக்கப்பட்டது என்று கேளுங்கள். 5 ஆண்டு என்றால் மறுபடி நீட்டிக்க முடியாது. பல மாடி கார் பார்க் ஏற்றத்தில் ஆக்ஸிலரேட்டரால் வண்டியைப் பிடித்து நிறுத்தாதீர்கள், கிளட்ச் எண்ணெய் சூடேறும். பிரேக் எதற்கு இருக்கிறது?