பைனல் இயர் புரொப் அப்பொயின்ட்மென்ற்: வாட்டில நிக்கிறதோ குப்பிக்குப் போறதோ?

ஆடியபாதம்_றோட்_பிள்ளை:

அண்ணாமார் அக்காமார் எல்லாருக்கும் வணக்கம். எங்கட மெடிக்கல் பட்சுக்கு வாற மாசம் புரொப் அப்பொயின்ட்மென்ற் (பைனல் இயரில பேராசிரியர்மாரின்ர வாட்டில செய்யிற பயிற்சி) தொடங்குது, எனக்கு முதல் பீடியாற்றிக்ஸ், பிறகு மெடிசின், சேர்ஜரி, கைனி, சைக்கியாற்றி எண்டு மாறி மாறி வரும்.

இப்பவே பட்சில ரெண்டு கதை ஓடுது. கொஞ்சப்பேர் சொல்லினம் காலமை யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரிக்குப் போய் சைன் வச்சிட்டு, நல்ல ஷோர்ட் கேஸ் (எக்ஸாமில கொஞ்ச நேரத்தில சோதிச்சுச் சொல்லுற பேசன்ற்) எந்த பெட்டில எண்டு வட்சப்பில பாத்து அதை மட்டும் தொட்டிட்டு, மிச்ச நேரம் முழுக்க குப்பியும் (பிள்ளையள் தங்களுக்குள்ள நடத்திற வகுப்பு) பாஸ்ற் பேப்பரும் தான் எண்டு. மற்ற ஆக்கள் வாட்டிலயே கிட எண்டினம். ஆனா கிடந்து என்ன செய்யிறது எண்டு ஒருத்தரும் வடிவாச் சொல்லினமில்லை. தேர்ட் இயரில அப்பொயின்ட்மென்ற் போகேக்க ஒரு கட்டிலைச் சுத்தி எல்லாரும் நிப்பினம், பின்னால நிண்டா சேர் கதைக்கிறதே கேக்காது. இந்த முறையும் அப்பிடிப் போகக்கூடாது எண்டு நினைக்கிறன், ஏனெண்டா இது முடிய அடுத்தது நாங்கள் தானே எச்ஓ (ஹவுஸ் ஒபிசர், இன்ரேர்ன் டொக்டர்).

மற்றது, வருத்தத்தோட கிடக்கிற ஆக்களிட்டப் போய் திருப்பித் திருப்பி கேள்வி கேக்கிறது எனக்கு மனசுக்குச் சரியாப்படேல்லை. அதுக்கும் என்ன செய்யலாம் எண்டு சொல்லுங்கோ.

நைட்_எச்ஓ:

தங்கச்சி, நான் இப்ப இன்ரேர்ன்ஷிப்பில ரெண்டாவது ஆறு மாசத்தில நிக்கிறன். குப்பியை விடச்சொல்லி நான் சொல்லமாட்டன், நானும் குப்பியில படிச்சுத் தான் பாஸ் பண்ணினனான். ஆனா வாட்டுக்கு சைன் வைக்க மட்டும் போறது வேண்டாம்.

ஒரு நேரத்தில ரெண்டு மூண்டு பேசன்ற் போதும். கஷுவல்ற்றி டேயில (அவசர பேசன்ற் எங்கட வாட்டுக்கு வாற நாள்) அட்மிஷன் வரேக்க அங்க நில்லுங்கோ, பெட் ஹெட் ரிக்கற்றில (பேசன்ற்றின்ர வாட் பதிவில) நாங்கள் எழுத முதல் நீங்களே ஹிஸ்ரரி எடுத்து உங்கட கொப்பியில என்ன வருத்தமா இருக்கலாம், என்ன ரெஸ்ற் வேணும் எண்டு எழுதுங்கோ. பிறகு எங்கட நோட்டைப் பாருங்கோ, அதில வித்தியாசம் இருக்கிற இடம் தான் நீங்கள் படிக்கவேண்டிய இடம். அதோட விடாம அந்தாள் ஸ்கானுக்குப் போனா கூடப் போங்கோ, தியேற்றருக்குப் போனா கூடப் போங்கோ, அடுத்தநாள் விடிய றவுண்டுக்கு முதல் வந்து இரவு என்ன நடந்தது எண்டு கேளுங்கோ, டயக்னோசிஸ் கார்ட் எழுதி வீட்ட போகும்வரைக்கும் அது உங்கட பேசன்ற்.

உதாரணத்துக்கு பாம்புக்கடி ஒண்டு வருது எண்டு வைப்பம், தோட்டத்தில புல்லுப் புடுங்கேக்க புடையன் கடிச்சது எண்டு. 20 மினிற் குளொட்டிங் ரெஸ்ற் (ரத்தம் உறையுதோ எண்டு பாக்கிறது) எல்லாரும் பாடமாக்கி வச்சிருக்கிறீங்கள் தானே, அதை நீங்களே செய்யுங்கோ. காஞ்ச புதுக் கண்ணாடி ரியூப் எடுத்து, ரத்தத்தை விட்டு, ஒருத்தரும் தட்டாத இடத்தில வச்சு, மணிக்கூட்டைப் பாத்துக்கொண்டு நில்லுங்கோ, இடையில ஆட்டிப் பாக்கக்கூடாது, 20 நிமிசம் முடிய ஒருக்காச் சரியுங்கோ. தண்ணி மாதிரி ஓடிச்சுதெண்டால் எச்ஓட்ட ஓடிப்போய்ச் சொல்லுங்கோ. அன்ரிவெனம் ஏறத் தொடங்கினாப் பிறகு பக்கத்திலயே நிண்டு பல்ஸ், பிறஷர், தோலில தடிப்பு, மூச்சு எல்லாம் பாருங்கோ, ஏனெண்டா ரியாக்ஷன் வாறதெண்டா கெதியா வரும், அட்ரினலின் கையோட இருக்கவேணும்.

விரியன் (கட்டுவிரியன், நரம்பைத் தாக்கிற விசம்) கடி வேற மாதிரி. நிலத்தில பாய் போட்டுப் படுத்த ஆள் விடியப்புறம் வயித்துக்குத்து எண்டு மட்டும் சொல்லிக்கொண்டு வருவார், கடிச்ச அடையாளமே தெரியாது. கண் இமை விழுந்திருக்கோ எண்டு பாருங்கோ, திரும்பவும் திரும்பவும் பாருங்கோ. இதைக் குப்பியில கேட்டா ஒரு வரி, ஆனா ஒரு இரவு பக்கத்தில இருந்து பாத்த பிள்ளைக்கு அது சாகும்வரைக்கும் மறக்காது.

மெரிட்_முக்கியம்:

எச்ஓ அண்ணை சொல்லுறது சரி, ஆனா ஒண்டை மறைக்கக்கூடாது. எல்லா அரச மெடிக்கல் பகல்ட்டிப் பிள்ளையளுக்கும் ஒரே மெரிட் லிஸ்ற் தான், அதை வச்சுத் தான் இன்ரேர்ன்ஷிப்புக்கு எந்த ஆஸ்பத்திரி எண்டு தீரும். வீட்டில வருத்தக்கார அம்மா இருக்கிற பிள்ளைக்கு யாழ்ப்பாணத்தில கிடைக்குதோ இல்லை தூர எங்கயோ போகவேணுமோ எண்டுறது பெரிய விசயம். அதால எக்ஸாமைப் பற்றி யோசிக்கிறது தப்பில்லை தங்கச்சி, யாரும் அப்பிடிச் சொன்னாக் கவலைப்படாதீங்கோ.

நான் சொல்லுறது என்னெண்டா எக்ஸாமுக்குரியதும் வாட்டில தான் கிடக்கு. மாரி மழை தொடங்க வாட் நிறைய டெங்கு வரும். 50 கிலோ ஆளுக்கு குறிட்டிக்கல் பேஸில (ரத்தக்குழாயில இருந்து நீர் கசியிற கட்டத்தில) எம் பிளஸ் 5 வீதம் (வழமையாத் தேவையான நீரும் நிறையின்ர 5 வீதமும்) எவ்வளவு எண்டு வைவாவில கேப்பினம், 4600 மில்லி எண்டு எல்லாரும் சொல்லுவினம். ஆனா அதை 48 மணித்தியாலத்துக்கு எப்பிடிப் பிரிக்கிறது, பல்ஸ் பிறஷர் இறுகிக்கொண்டு வந்தா என்ன செய்யிறது, யூரின் குறைஞ்சா என்ன, பிசிவி (ரத்தத்தில சிவப்பணுவின்ர வீதம்) ஏறினா என்ன எண்டு அடுத்த கேள்வி வரேக்க, சார்ட்டை மணித்தியாலத்துக்கு மணித்தியாலம் பாத்த பிள்ளை மட்டும் தான் தடக்காமச் சொல்லும். லோங் கேஸும் (ஒரு பேசன்ற்றை முழுசா விசாரிச்சு, சோதிச்சுச் சொல்லுற எக்ஸாம்) அப்பிடித்தான், ஒரு கூட்டாளியை மணிக்கூட்டோட இருத்தி முழுசாச் சொல்லிப் பழகுங்கோ, வாயால சொல்லாமப் படிச்சது எக்ஸாமினருக்கு முன்னால வெளிய வராது.

வாட்_மிஸ்:

நான் லேபர் றூமில கன வருசம் வேலை செய்த மிஸ் (நேர்ஸ்). எங்கட பக்கத்தையும் ஒருக்காக் கேளுங்கோ பிள்ளையள். லொக் புக்கில (பயிற்சிப் பதிவுக் கொப்பியில) டெலிவரிக்கு சைன் வாங்க வாற பிள்ளையள், தலை தெரியிற நேரம் ஓடி வந்து நிண்டிட்டு போயிடுவினம். ஒரு தாயோட ஆரம்பத்தில இருந்து நிண்டு பாருங்கோ. அரை மணித்தியாலத்துக்கு ஒருக்கா வயித்தில கை வச்சு நோவு எத்தினை வருது, எவ்வளவு நேரம் நிக்குது எண்டு எண்ணி பார்ட்டோகிராமில (பிரசவம் எப்பிடிப் போகுது எண்டு குறிக்கிற சார்ட்டில) நீங்களே குறியுங்கோ, பிள்ளையின்ர இதயத் துடிப்பைக் கேளுங்கோ, அந்தப் பிள்ளைத்தாச்சியின்ர நாரியைத் தடவி விடுங்கோ, தண்ணி குடுங்கோ. முதல் பிள்ளை பெற வந்து தனியக் கிடக்கிறவவுக்கு நீங்கள் பக்கத்தில நிக்கிறதே பெரிய ஆறுதல். எங்களிட்ட ஒரு வார்த்தை கேட்டிட்டு நிண்டாக் காணும், நாங்கள் சொல்லித்தருவம், கனக்கச் சொல்லித்தருவம்.

ஒரு_மகள்:

நான் டொக்டரில்லை, வாசிச்சுக்கொண்டு போகேக்க இதில நிண்டிட்டன். எங்கட அப்பா இதய வருத்தத்தோட ஒரு ஆஸ்பத்திரியில இருக்கேக்க (எது எண்டு வேண்டாம்) ஒரு காலமைக்குள்ள எத்தினையோ பிள்ளையள் வந்து நெஞ்சில குழாய் வச்சுக் கேட்டவை. சில பேர் பேரும் சொல்லேல்லை, சேட்டைத் திறந்து கேட்டிட்டு "நல்ல மேர்மர்" (இதயத்தில கேக்கிற இரைச்சல்) எண்டு தங்களுக்குள்ள சொல்லிப்போட்டுப் போயிட்டினம். அப்பாவுக்கு அண்டு முழுக்கப் பயம், தனக்கு ஏதோ புதுசா வந்திட்டுது எண்டு. ஆனா ஒரு பிள்ளை மட்டும் கதிரை இழுத்துப்போட்டு இருந்து, "ஐயா நான் படிக்கிற பிள்ளை, களைப்பெண்டாச் சொல்லுங்கோ நான் பிறகு வாறன்" எண்டு கேட்டுது. கேட்டு முடிய என்ன கேட்டது, அதுக்கு ஏற்கனவே மருந்து போகுது எண்டு விளங்கப்படுத்தி, சேட்டுப் பொத்தானையும் பூட்டிவிட்டிட்டுப் போச்சு. அந்தப் பிள்ளை அடுத்தநாள் வருமோ எண்டு அப்பா பாத்துக்கொண்டிருந்தவர். கேள்வி கேக்கப் பயப்பிடாதீங்கோ மகள், கேக்கிற விதத்தில தான் எல்லாம் இருக்கு.

பழைய_மருத்துவன்:

மேல எழுதின அம்மாவுக்கு நன்றி, இதை எல்லாப் பிள்ளையளும் வாசிக்கவேணும்.

நாங்கள் படிச்ச காலம் யாழ்ப்பாணத்தில கரண்ட் இல்லாத காலம், சிரி ஸ்கானைப் புத்தகத்தில தான் கண்டனாங்கள், தட்டிப் பாத்தும் காதால கேட்டும் தான் முடிவெடுத்தது. அந்தக் காலம் திரும்பி வரக்கூடாது. ஆனா இப்ப ரிப்போட் வந்தாப் பிறகு தான் பேசன்ற்றைத் தொடுகிற பழக்கம் வருகுது, அது எனக்குப் பெரிய கவலை. ஸ்கானுக்கு அனுப்ப முதல் உங்கட கை என்ன சொல்லுது எண்டு கொப்பியில எழுதி வையுங்கோ, ரிப்போட் வர ஒப்பிட்டுப் பாருங்கோ.

பிறகு, வயசுபோன ஆக்கள் சொப்பின் பையில குளிசையளைக் கொண்டு வருவினம். "என்ன மருந்து பாவிக்கிறீங்கள்" எண்டு கேட்டா "பிறஷருக்கு, சலரோகத்துக்கு" எண்டு முடிச்சிடுவினம், பையைத் திறந்து மேசையில கொட்டச்சொல்லுங்கோ. கிளினிக்கில தந்தது, பிறைவேற்றில வாங்கினது, பக்கத்து வீட்டு அக்கா குடுத்த நோக் குளிசை, கசாயம் எல்லாம் ஒண்டா வரும். கிரியற்றினின் (சிறுநீரகம் எப்பிடி எண்டு காட்டுற ரத்த அளவு) ஏன் ஏறினது எண்ட பதில் கன தரம் அந்தப் பைக்குள்ள தான் கிடக்கும்.

வீட்டு நிலைமையை சோஷியல் ஹிஸ்ரரி எண்டு கடைசி வரியில எழுதி முடிக்காதீங்கோ. நெடுந்தீவில இருந்து வந்த ஐயாவைப் பின்னேரம் டிஸ்சார்ஜ் செய்தா குறிகட்டுவான் துறையில போட் இருக்காது, இரவு எங்க தங்கிறது? இன்சுலின் எழுதிக் குடுத்தா வீட்டில பிறிஜ் இருக்கோ, ஊசி போட ஆர் இருக்கினம், பிள்ளையள் எல்லாம் கனடாவோ? இதைக் கேக்காம எழுதின மனேஜ்மென்ற் பிளான் வீட்ட போய்ச் சேராது.

ஆடியபாதம்_றோட்_பிள்ளை:

எல்லாருக்கும் சரியான நன்றி, குறிப்பா அப்பாவைப் பற்றி எழுதின அம்மாவுக்கு. நானும் கூட்டாளி ஒருத்தியும் கஷுவல்ற்றி டேயில பின்னேரம் நிக்கிறதெண்டு முடிவெடுத்திருக்கிறம், குப்பி கிழமையில ரெண்டு நாள் காணும். ஒரு கேள்வி மட்டும், பீடியாற்றிக்ஸில ஹிஸ்ரரி சொல்லுறது அம்மாமார் தானே, முதல் கிழமை எதில தொடங்கிறது?

நைட்_எச்ஓ:

தாய் கொண்டு வாற பிள்ளையின்ர வளர்ச்சிப் புத்தகத்தில தொடங்குங்கோ. பிறப்பு நிறை, தடுப்பூசி, பிள்ளை எத்தினை மாசத்தில குந்தி இருந்தது, நடந்தது எல்லாம் அதில கிடக்கு. நிறையை நீங்களே நிறுத்து கிராபில புள்ளி வையுங்கோ, கோடு எந்த மாசத்தில சரியத் தொடங்கினது எண்டு கண்டிட்டு "அப்ப வீட்டில என்ன நடந்தது அம்மா" எண்டு கேளுங்கோ, அவ தானாச் சொல்லத் தொடங்குவா. தொட முதல் பிள்ளை மடியில இருக்கட்டும், மூச்சு எண்ணுறதை அழத் தொடங்க முதல் எண்ணுங்கோ, தொண்டையும் காதும் கடைசி. கஷுவல்ற்றி டேயில வந்தா என்னைத் தேடுங்கோ, கேஸ் சொல்ல ஆளில்லை எண்டு நிக்காதீங்கோ, நான் கேப்பன்.