சென்னைப் புறநகரில் வீடு: பகுதியைத் தேர்ந்தெடுத்த அனுபவங்கள்

மாம்பலம் வாடகைக்காரர்

அனைவருக்கும் வணக்கம். மேற்கு மாம்பலத்தில் வாடகைக்கு இருக்கும் எங்கள் குடும்பத்தில் நாங்கள் இருவரும், பள்ளி செல்லும் இரண்டு பிள்ளைகளும், முழங்கால் வலியுள்ள என் மாமியாரும் இருக்கிறோம். கணவருக்குக் கிண்டியில் வேலை, எனக்குச் சோழிங்கநல்லூரில். நகருக்குள் வாங்கும் வசதி இல்லாததால் சேலையூர், மேடவாக்கம், ஊரப்பாக்கம் ஆகிய மூன்று பகுதிகளிலும் வீடு பார்த்துக்கொண்டிருக்கிறோம். வீட்டைப் பற்றிக் கேட்டால் தரகர்கள் சமையலறை மேடையின் கிரானைட் வரை விவரமாகச் சொல்கிறார்கள், பகுதியைப் பற்றிக் கேட்டால் மட்டும் மூன்று இடங்களிலும் ஒரே பதில்தான் கிடைக்கிறது: "நல்ல டெவலப்பிங் ஏரியா மேடம்." அங்கே குடியிருப்பவர்களும், பார்த்துவிட்டு வேண்டாம் என்று திரும்பியவர்களும், யாரிடம் பேசினீர்கள், எது உங்கள் முடிவைத் தீர்மானித்தது என்று எழுதினால் பெரிய உதவியாக இருக்கும். விலை நிலவரம் வேண்டாம். அதை நாங்களே விசாரித்துக்கொள்கிறோம்.

அடையாற்றங்கரை

சகோதரி, 2017-இல் மேற்குத் தாம்பரத்தை அடுத்த முடிச்சூர்ப் பக்கம் நான் வீடு தேடிய கதையைச் சொல்கிறேன். 2015 டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கியதை ஊரே தொலைக்காட்சியில் பார்த்திருந்தது. ஆகவே விலை படிந்து வரும் என்ற கணக்கோடுதான் போனேன்.

தரகர் காட்டிய வீடு பார்ப்பதற்கு லட்சணமாக இருந்தது. வெளிச்சுவர் முழுவதும் புது வண்ணம். ஆனால் மின்மீட்டர் பெட்டி மட்டும் என் தலைக்கு மேலே இருந்தது. அதற்கு நேர் கீழே, இடுப்பளவு உயரத்தில், நான்கு திருகாணித் துளைகளைப் பட்டி பூசி அடைத்திருந்தார்கள். வெயில் சாய்வாக விழுந்ததால் அந்த நான்கு புள்ளிகளும் தனியாகத் தெரிந்தன. தரகரிடம் நான் எதுவும் கேட்கவில்லை. பிறகொரு நாள் தனியாகப் போய், தெருமுனையில் வேப்பமரத்தடியில் இஸ்திரி வண்டி வைத்திருந்தவரிடம் இரண்டு சட்டைகளைக் கொடுத்துவிட்டுப் பேச்சுக் கொடுத்தேன். அவர் இஸ்திரிப் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, தம் தோள் உயரத்தில் மரத்தைத் தொட்டுக் காட்டி, "இதுவரைக்கும் சார்" என்றார். அதோடு நிற்காமல், அதே தெருவின் மறுகோடியில் பிள்ளையார் கோயிலுக்கு அப்பால் தண்ணீர் ஏறவே இல்லை என்றும், சுற்றுவட்டாரத்து மக்கள் அந்தப் பக்கத்து மாடிகளில்தான் தங்கினார்கள் என்றும் சொன்னார். நான் வாங்கிய வீடு அந்தக் கோவிலுக்கு அப்பால்தான் இருக்கிறது. 2021 நவம்பர் மழையிலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் தெருவின் கீழ்க்கோடியில் முழங்கால் அளவு நின்றது. எங்கள் பக்கம் வாசலைத் தொடவில்லை. ஒரே தெரு, ஒரே பின்கோடு! "முடிச்சூர் நல்லதா, கெட்டதா" என்று மொத்தமாகக் கேட்பதில் பயன் இல்லை என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

பலரும் 2015 வெள்ளம் என்றாலே செம்பரம்பாக்கத்தைச் சொல்வார்கள். டிசம்பர் 1 அன்று அந்த ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி அளவுக்குத் திறந்தது சைதாப்பேட்டை, கோட்டூர்புரம் பக்கத்தைத்தான் பாதித்தது. அந்த நீர் அடையாற்றில் சேரும் இடம் திருநீர்மலைப் பக்கம். முடிச்சூரும் வரதராஜபுரமும் அதற்கு மேலே இருக்கின்றன. எங்களுக்கு வந்தது ஆதனூர், மண்ணிவாக்கம் பக்கத்து ஏரிகள் நிரம்பி வழிந்த நீர். இதைச் சொல்வதற்குக் காரணம் உண்டு: "இப்போதெல்லாம் செம்பரம்பாக்கத்தை முன்கூட்டியே திறந்துவிடுகிறார்கள், இனி பயமில்லை" என்று ஒரு தரகர் உங்களிடம் சொன்னால், அவருக்கு அந்தப் பகுதியின் நீரோட்டம் தெரியாது, அல்லது உங்களுக்குத் தெரியாது என்று நினைக்கிறார்.

இன்னொன்று, எந்தப் பகுதிக்குப் போனாலும் பழைய வீடுகளின் வாசலைப் பாருங்கள். பழைய சாலையைச் சுரண்டி எடுக்காமலேயே அதன்மேல் புதுச் சாலை போட்டுப் போட்டு, இருபது ஆண்டுப் பழைய வீடுகளுக்குத் தெருவிலிருந்து படியிறங்கிப் போக வேண்டிய நிலை பல புறநகர்களில் இருக்கிறது. மழை பெய்தால் தெருத் தண்ணீர் முதலில் விருந்துக்கு வருவது அந்த வீடுகளுக்குத்தான். புது வீட்டுக்காரர்கள் அடித்தளத்தை உயர்த்திக் கட்டிவிடுவதால், பக்கத்து வீட்டைப் பார்க்காமல் இது தெரியாது.

லாரித் தண்ணீர்

ஐயா வெள்ளத்தைப் பற்றி எழுதிவிட்டார். நான் வறட்சியைப் பற்றி எழுதுகிறேன். மேடவாக்கத்திலிருந்து பெரும்பாக்கம் போகும் பக்கத்தில் ஓர் அடுக்ககத்தில் வசிக்கிறேன். 2019 கோடையில் நாங்கள் வீடு பார்த்துக்கொண்டிருந்தோம். அந்த ஜூன் மாதம் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் என நான்கு ஏரிகளும் ஏறக்குறைய வறண்டு கிடந்தன. ஓஎம்ஆர் (பழைய மகாபலிபுரம் சாலை) நிறுவனங்கள் ஊழியர்களை வீட்டிலிருந்தே வேலை செய்யச் சொன்ன காலம் அது. வீடு பார்ப்பதற்கு அதைவிட நல்ல பருவம் கிடையாது என்பது என் கட்சி.

விற்பனை அலுவலகத்தில் "இருபத்துநான்கு மணி நேரமும் தண்ணீர்" என்றார்கள். அது பொய்யும் இல்லை. வெளியே வந்தபோது வாசலில் 12,000 லிட்டர் லாரி ஒன்று குழாய் போட்டு நின்றுகொண்டிருந்தது. ஓட்டுநர் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். எந்தெந்த அடுக்ககங்களுக்கு எத்தனை லோடு போகிறது, எங்கெல்லாம் ஐப்பசி, கார்த்திகையிலும் அவர் போக வேண்டியிருக்கிறது, எங்கே கோடையில் மட்டும் கூப்பிடுகிறார்கள் என்று அந்த வட்டாரம் முழுவதையும் விரல் நுனியில் வைத்திருந்தார். மழைக்காலத்திலும் லாரி வாங்கும் கட்டடம் என்றால் ஆழ்துளைக் கிணறு உப்பாகிவிட்டது அல்லது வற்றிவிட்டது என்று பொருள். அவர் வாயிலிருந்து பெயர் வராத மூன்று கட்டடங்களைத்தான் நாங்கள் பிறகு போய்ப் பார்த்தோம்; அவற்றில் ஒன்றில்தான் இப்போது இருக்கிறோம். கிணற்றுத் தண்ணீர் கடினநீர்தான்; வாளியில் வெள்ளைப் படிவு விழத்தான் செய்கிறது. ஆனால் பராமரிப்புக் கட்டணத்தில் பாதி லாரிக்குப் போவதில்லை.

கழிவுநீரையும் கேளுங்கள். பாதாளச் சாக்கடை இணைப்பு இல்லாத தெருக்கள் இன்னும் ஏராளம். அங்கே கழிவுநீர் லாரிதான் வர வேண்டும். மழைக்காலத்தில் நிலத்தடி நீர் ஏறி, செப்டிக் தொட்டி வாரத்துக்கு வாரம் நிரம்பும். இதை எந்த விளம்பரத்திலும் காண முடியாது. சங்கத்தின் செயலாளரிடம் கடந்த ஆண்டு வரவு செலவுக் கணக்கைக் காட்டச் சொன்னால் தண்ணீர் லாரி, கழிவுநீர் லாரி, ஜெனரேட்டர் டீசல் எல்லாம் தனித்தனி வரிகளாகவே இருக்கும்.

பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை ஒட்டிப் பார்ப்பவர்கள் காற்றடிக்கும் திசையையும் கவனிக்க வேண்டும். பெருங்குடிக் குப்பைக் கிடங்கு 2022 ஏப்ரலில் தீப்பற்றியபோது புகை நாள்கணக்கில் நின்றது. அதே ஆண்டில்தான் சதுப்பு நிலம் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. சேலையூர், செம்பாக்கம், நன்மங்கலம் ஏரிகளின் உபரி நீரெல்லாம் அங்கேதான் வந்து சேர்கிறது. வெளியேறுவதற்கு ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாய், பிறகு கோவளம் முகத்துவாரம் என்ற ஒரே வழிதான். மிக்ஜாமின்போது அந்தச் சுற்றுவட்டாரத்தில் பல நாள் தண்ணீர் வடியாததற்கு இதுவும் ஒரு காரணம்.

மாம்பலம் வாடகைக்காரர்

இருவருக்கும் மிக்க நன்றி. சேலையூரில் நாங்கள் பார்க்கும் இடம் மனைப்பிரிவில் உள்ள தனி வீடு. வங்கி கடனுக்கு ஒப்புதல் தந்துவிட்டது. எனவே பத்திர விஷயத்தில் இனிக் கவலை வேண்டாம் என்று வீட்டில் சொல்கிறார்கள். அது சரிதானா?

ஓய்வுபெற்ற நில அளவையர்

பாதி சரி அம்மா. வங்கியின் வழக்கறிஞர் உரிமைத் தொடர்ச்சியைப் பார்ப்பார். முப்பது ஆண்டு வில்லங்கச் சான்றிதழும் மூலப்பத்திரமும் சரியாக இருந்தால் கருத்துரை எழுதிவிடுவார். உங்கள் தெரு முன்பு என்னவாக இருந்தது என்பது அவருடைய கேள்வி அல்ல.

பணியில் இருந்த காலத்தில் ஓர் இளம் தம்பதியர் என்னிடம் வந்தார்கள். அவர்கள் வாங்கியிருந்த மனையின் பத்திரம், பட்டா, வில்லங்கம் எல்லாம் சுத்தம். ஆனால் மனையை அடையும் பாதையில் ஒரு பகுதி புலப்படத்தில் (நில அளவை வரைபடத்தில்) வாய்க்கால் புறம்போக்காக இருந்தது. மனை அவர்களுடையதுதான், மனைக்குப் போகும் வழி அவர்களுடையது அல்ல. வாய்க்காலை மீட்க அளவீடு வந்த நாளில்தான் அவர்களுக்கு அது தெரிந்தது. புலப்படத்தை உங்கள் புல எண்ணுக்கு (சர்வே எண்) மட்டும் எடுத்தால் போதாது. நான்கு பக்கத்துப் புல எண்களுக்கும் எடுத்து, நிலத்தின் வகையைக் காட்டும் அ-பதிவேட்டில் அவை ஏரியா, வாய்க்காலா, மேய்ச்சல் நிலமா என்று பார்க்க வேண்டும். அரசின் இணையச் சேவைத் தளத்தில் வீட்டிலிருந்தே பார்த்துவிடலாம். வேலை அரை மணி நேரம். ஆனால் கோடி ரூபாய் கொடுத்து வாங்குபவர்கள்கூட இதைச் செய்வதில்லை என்பது எனக்கு இன்றுவரை புரியாத விஷயம்.

மனைப்பிரிவுக்கு சிஎம்டிஏ (சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம்) அல்லது டிடிசிபி (நகர் ஊரமைப்பு இயக்ககம்) ஒப்புதல் இருக்கிறதா என்று பாருங்கள். "பஞ்சாயத்து அப்ரூவல்" என்ற சொல்லைக் கேட்டாலே நிதானிக்க வேண்டும். மனைப்பிரிவுக்கு ஒப்புதல் தரும் அதிகாரம் ஊராட்சித் தலைவருக்குக் கிடையாது. 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அங்கீகாரமற்ற மனைகளின் பதிவுக்குத் தடை விதித்ததும், அரசு 2017-இல் அத்தகைய மனைகளை முறைப்படுத்தும் வரன்முறைத் திட்டம் கொண்டுவந்து, 2016 அக்டோபர் 20-க்கு முன் பதிவான மனைகளுக்கு வழிவிட்டதும் உங்களுக்கு நினைவிருக்கலாம். அப்படி வரன்முறை செய்த மனை என்றால் அதற்கான ஆணையைக் கேட்டு வாங்குங்கள்; பணம் கட்டிய ரசீது ஆணை ஆகாது. ஒப்புதல் பெற்ற மனைப்பிரிவாகவே இருந்தாலும் வரைபடத்தில் பூங்கா எங்கே என்று பார்த்து, நேரில் போய் அந்த இடத்தில் நில்லுங்கள். அங்கே வீடு நின்றால் அந்தத் தெருவில் வேறு எதையும் நம்பி வாங்காதீர்கள். முத்திரைத்தீர்வை 7 விழுக்காடும் பதிவுக் கட்டணம் 2 விழுக்காடும் சேர்த்துக் கட்டிய பிறகு இவற்றைத் தெரிந்துகொள்வதில் யாருக்கும் லாபம் இல்லை.

செங்கல்பட்டு லோக்கல்

ஊரப்பாக்கத்தைப் பற்றிச் சுருக்கமாக. நான் அங்கிருந்து தினமும் மின்தொடர்வண்டியில் கிண்டிக்குப் போய் வருகிறேன். கடற்கரையிலிருந்து கிளம்பும் வண்டிகளில் கணிசமானவை தாம்பரத்தோடு திரும்பிவிடும். தாம்பரத்துக்கு அப்பால் வண்டிகளுக்கு இடையிலான இடைவெளி திடீரென்று கூடிவிடும். ஞாயிற்றுக்கிழமை காரில் வந்து வீடு பார்ப்பவர்களுக்கு இது தெரியாது. ஒரு திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு நிலையத்தில் நின்று வண்டி ஏறிப் பாருங்கள். 2023 டிசம்பர் 30 அன்று கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறந்த பிறகு வெளியூர் போவது எங்களுக்கு எளிதாகிவிட்டது. ஆனால் தீபாவளி, பொங்கல் நாட்களில் ஜிஎஸ்டி சாலையில் (சென்னையிலிருந்து தெற்கே போகும் நெடுஞ்சாலை) இறங்குவதற்குத் துணிச்சல் வேண்டும். உங்கள் கணவருக்கு ஊரப்பாக்கம் ஒத்துவரும். உங்களுக்குச் சோழிங்கநல்லூர் என்பதால் வராது. தாம்பரத்தில் இறங்கி, வேளச்சேரி சாலையில் மேடவாக்கம் வழியாகப் பேருந்தில் போவதற்குள் அரை நாள் சம்பளம் போய்விடும்.

அடையாற்றங்கரை

மாமியாரைப் பற்றி யாரும் எழுதவில்லை. முழங்கால் வலியுள்ளவர் என்றால் வீட்டிலிருந்து நடந்து போகும் தூரத்தில் மருந்துக்கடையும், காய்கறிக் கடையும், உட்காரத் திண்ணையுள்ள ஒரு கோயிலும் இருக்கின்றனவா என்று பாருங்கள். என் தாயார் இங்கே வந்த புதிதில், பேச ஆள் இல்லை என்று ஆறு மாதம் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டிருந்தார். பிறகு அந்தப் பிள்ளையார் கோவிலில் சங்கடஹர சதுர்த்திக் கூட்டம் பழக்கமானதும் எங்களுக்கே நேரம் ஒதுக்குவதில்லை. பிள்ளைகள் பள்ளிப் பேருந்தில் எவ்வளவு தூரம் போனாலும் சமாளித்துவிடுவார்கள். வயதானவர்களுக்குத் தெருதான் உலகம்.

மாம்பலம் வாடகைக்காரர்

எல்லோருக்கும் நன்றி. ஊரப்பாக்கத்தைக் கைவிட்டுவிட்டோம். மேடவாக்கத்தில் பார்த்த அடுக்ககத்தில் வரவு செலவுக் கணக்கைக் கேட்டபோது, "வாங்கிய பிறகு உறுப்பினராகிவிடுவீர்கள், அப்போது காட்டுகிறோம்" என்றார்கள். எனவே அதுவும் இல்லை. சேலையூர் வீட்டின் சுற்றுப் புல எண்களை நில அளவையர் ஐயா சொன்னபடி எடுத்துப் பார்த்தோம். நான்கும் பட்டா நிலம்தான். வரைபடத்தில் காட்டிய பூங்கா பூங்காவாகவே இருக்கிறது. ஊஞ்சலுக்கு ஒரு சங்கிலி மட்டும் இல்லை. தெருவில் பால் போடும் அம்மா 2015-இல் தண்ணீர் தெருவில் ஓடியதாகவும் தேங்கவில்லை என்றும் சொன்னார்; எதிர்வீட்டுப் பெரியவரும் தனியாகக் கேட்டபோது அதையே சொன்னார். இருந்தாலும் ஒரு வடகிழக்குப் பருவமழையை நேரில் பார்த்துவிட்டு, நவம்பருக்குப் பிறகே முன்பணம் தருவதாகச் சொல்லியிருக்கிறோம். உரிமையாளருக்கு அதில் மனவருத்தம். வேறொருவர் முழுப் பணத்தோடு தயாராக இருக்கிறார் என்று தரகர் நாள்தோறும் தொலைபேசியில் சொல்கிறார். அந்த வேறொருவர் ஆடி மாதத்திலிருந்தே தயாராகத்தான் இருக்கிறார்.