தையல் வள்ளத்தில் பிளவு: பலகையை மாற்ற வேண்டுமா?

குளச்சல்காரன்: 14 அடி வள்ளம், சின்ன மரப்படகு. அயனி மரப் பலகை, ஆணியே இல்லாமல் கயிற்றால் தைத்தேன். அவசரத்தில் விளிம்பை ஒட்டித் துளையிட்டுவிட்டேன். இழுத்துக் கட்டியதும் இரண்டு துளைகளுக்கு நடுவே அடிப்பலகை பிளந்துவிட்டது. மூன்று மாத உழைப்பு! பலகையையே கழற்றவா?

பழைய உளி: பிளவு ஒரு சாணுக்குள் என்றால் வேண்டாம், தம்பி. அந்தத் துளைகளை மரமுளையால் அடைத்து, இரண்டு விரல் உள்ளே தள்ளிப் புதிதாகத் துளையிடுங்கள். பலகைகள் சேரும் பொருத்துவாயில் கசிவை அடைக்கத் தென்னை நார் வைத்தீர்களா?

அலைவாய்: என் முதல் வள்ளம் ஒழுகியது. உள்ளே தண்ணீர் ஊற்றி இரண்டு நாள் விட்டேன். மரம் ஊறிப் பருத்துச் சின்னக் கசிவுகள் நின்றன. பிளவுக்கு அந்த வைத்தியம் பலிக்காது.

குளச்சல்காரன்: நார் வைக்கவே இல்லை, அண்ணாச்சி. இன்றே தையலைப் பிரிக்கிறேன்.