சாப்வித் கேமல் மாதிரிக்கு லினன் துணியும் டர்ன்பக்கிளும் வேணுமுங்க

எல்லாருக்கும் வணக்கமுங்க. முதல் உலகப்போர் விமானம் சாப்வித் கேமலோட முழு அளவு மாதிரி, காட்சிக்கு மட்டும், கோயமுத்தூர்ல தயாராகுது. இறக்கை நீளம் 8.53 மீட்டர். மரச்சட்டம் முடிஞ்சாச்சு.

முதல்ல துணி. இறக்கைப் பரப்பு சுமார் 21.5 சதுர மீட்டர். மேலும் கீழும் மூடணும், வாலும் உடம்பும் இருக்கு, வெட்டுச் சேதமும் போகும். அதனால 70 சதுர மீட்டர் சுத்த லினன், சதுர மீட்டருக்கு 140 கிராம் எடையில வேணும். நெய்யறதுக்காக நூல்ல போட்ட கஞ்சியைக் கட்டாயம் அலசி எடுத்திருக்கணும். இல்லைன்னா டோப் (துணியை இறுக்கற பூச்சு) நூலுக்குள்ள இறங்காம மேலாக நின்னு உரிஞ்சு வந்துரும். பாலியஸ்டர் கலப்பு வேண்டாமுங்க, டோப்புக்கு லினன் மாதிரி இறுகாது. சோமனூர், சென்னிமலைப் பக்கம் இப்படி நெய்யற தறிக்காரங்க தெரிஞ்சா சொல்லுங்க.

ஐப்பசி மழைக்கு முன்னாடி டோப் அடிச்சாகணும். ஈரக்காத்துல அடிச்சா வெள்ளை பூத்துப் பிடிப்பு போயிரும். ஒரு பக்கம் மட்டும் முழுசா அடிச்சு முடிச்சாலும் இறுக்கத்துல சட்டம் முறுக்கிக்கும், ரெண்டு பக்கமும் மாத்தி மாத்தித்தான் அடிக்கணும்.

அடுத்தது, உள்கம்பி இழுக்க 40 டர்ன்பக்கிள் (கம்பியைத் திருகி இறுக்கற இணைப்பு). ஒரு முனை வலது மரை, மறுமுனை இடது மரை. இடது மரை சுத்தமா வெட்டற லேத் பட்டறை கணபதி, ஆவாரம்பாளையத்துல எது நல்லதுங்க?